நான் டூரிஸ்டாகப் போன ஞாயிறு

காலை ஐந்தரை மணிக்கு என் கணவரின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. சீகிரியாவில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி அனுப்பியது. முந்தின நாள் சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருக்கும் வயிறு சரியில்லை, இன்றைக்கு வர முடியாது, மன்னித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அவர் மாத்தளை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். பதினொரு வருடமாக டூரிஸ்ட்காரர்களை ஏற்றிக்கொண்டு அலுவிகாரைக்கும் ரிவர்ஸ்டன் மலைக்கும் போய் வருகிறார். அன்றைய ஹயருக்காக முதல் நாளே வண்டியைக் கழுவி, சீட்டுக்குப் புது உறை போட்டு வைத்திருந்தார். மெசேஜைப் படித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் குசினியில் அவருக்குச் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். வாழையிலையை மடித்துக்கொண்டே சொன்னேன்:

"அப்ப நான் வர்றேன்."

"எங்க?"

"அவங்கள எங்கெல்லாம் கூட்டிட்டுப் போக இருந்தீங்களோ, அங்கெல்லாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் இன்னொரு வாழையிலையை அனலில் வாட்டத் தொடங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெசமாவா புள்ள?" என்று எழுந்து வந்தார்.

நான் பிறந்தது எல்கடுவ தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவராக ஒட்டிய வரிசை வீடுகளில். கல்யாணத்துக்குப் பிறகு டவுன். வீட்டில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். ரிவர்ஸ்டன் காற்று எப்படி இருக்கும், அருவிக்குப் பின்னால் எப்படி நடந்து போகலாம் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்டிக்குப் போய்த் துணி வாங்கி வருகிற தூரம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் எப்போதும் வேறு யாராவது இருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் பிடிவாதமாக எனக்கும் ஆட்டோ லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் போனது வீட்டிலிருந்து மார்க்கட்டுக்கும், மார்க்கட்டிலிருந்து வீட்டுக்கும்தான்.

மகள் அந்த வார இறுதிக்கு எல்கடுவையில் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மெஷின் மேல் பாதி தைத்த வெள்ளைச் சட்டைகள் கிடந்தன. அப்படியே போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். முன் சீட்டில் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளாமல், பின் சீட்டில் நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"குட் மோர்னிங் மேடம்," என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"குட் மோர்னிங் டிரைவர்," என்றேன். பக்கத்து வீட்டு அக்கா பல் துலக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

முதலில் அலுவிகாரை. வவுனியா பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன், ஒருநாளும் இறங்கியதில்லை. படியேறி உள்ளே போனால் வீடு அளவு, வீட்டைவிடப் பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அந்த இடுக்குகளுக்குள் குகைகள், குகைக்குள் படுத்த நிலையில் நீளமான புத்தர், சுவரெல்லாம் வர்ணம். ஒரு குகையில் பாவம் செய்தவர்களைக் கொதிக்கிற சட்டியில் போடுகிறார்கள். அவர் டூரிஸ்ட்காரர்களுக்குச் சொல்கிற இங்கிலீஷ் கதையை எனக்கும் சொல்ல ஆரம்பித்தார். புத்தரின் போதனைகளை முதன்முதலில் ஓலையில் எழுதி வைத்த இடம் இதுதான் என்றார்.

"தமிழ்ல சொல்லுங்க."

"தமிழ்ல சொன்னதே இல்ல புள்ள, வரமாட்டேங்குது," என்று தலையைச் சொறிந்தார்.

அங்கே ஒருவர் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஓலைத் துண்டில் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சிங்களத்தில், என் பெயரைத் தமிழில் நானே எழுதலாமா என்று கேட்டேன். அவர் எழுதுகிற ஊசியை என் கையில் கொடுத்துவிட்டார். முதல் கோட்டிலேயே ஓலை கிழிந்தது. இரண்டாவது துண்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, துணியில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாக இழுத்தேன். எழுதி முடித்தபோது ஓலையில் ஒன்றுமே தெரியவில்லை. மேசைக்காரர் கருப்பு எண்ணெயைத் தடவித் துடைத்ததும் என் பெயர் பளிச்சென்று மேலே வந்தது. நான் "ஐயோ!" என்று கத்தியதில் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு இல்லை.

டவுனுக்குத் திரும்பி, ஒரு கடையில் முட்டை அப்பமும் காரமான கட்டச்சம்பலும் சாப்பிட்டுவிட்டு ரத்தோட்டை ரோட்டைப் பிடித்தோம். பொங்கல் முடிந்து இரண்டு வாரம். ரோட்டோரம் சாக்கு விரித்துக் கராம்பு காயப் போட்டிருந்தார்கள். வண்டிக்குள் வாசனை வந்து வந்து போனது. வீடுகளின் முற்றத்து மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி ஏறியிருந்தது. ஒரு வளைவில், ஒரு மனிதர் முற்றத்தில் உட்கார்ந்து கத்தியால் மஞ்சள் நிறக் காய்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! அது என்னா?"

"கொக்கோ. சொக்லேட் செய்வாங்களே, அது."

"நீங்க தின்னிருக்கீங்களா?"

"இத எங்க திங்கிறது? காயவச்சு விப்பாங்க."

நான் இறங்கிப் போய்க் கேட்டேன். அந்த மனிதர் ஒரு காயை இரண்டாகப் பிளந்து பாதியை என் கையில் கொடுத்தார். உள்ளே வரிசையாக விதைகள், அவற்றைச் சுற்றி வெள்ளைச் சதை. விதையைக் கடிக்காமல் சும்மா உறிஞ்சச் சொன்னார். வாயில் போட்டேன். சீத்தாப்பழத்தின் இனிப்பும் தோடம்பழத்தின் புளிப்பும் கலந்த மாதிரி ஒரு ருசி. சொக்லேட்டின் மணம் கொஞ்சமும் இல்லை. கடிக்கக்கூடாது என்றதால் ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். ஊதா நிறம், ஒரே கசப்பு. ஓடிவந்து என் கணவர் வாயிலும் ஒரு விதையை வைத்தேன். அவர் கண்ணை மூடி உறிஞ்சினார். பதினொரு வருடமாக இந்த முற்றத்தைக் கடந்து போயிருக்கிறார்.

"இத நான் ஒருத்தருக்கும் காட்டினதே இல்ல," என்றார் மெதுவாக.

ரத்தோட்டைக்கு அப்பால் ரோடு மேலே ஏறத் தொடங்கியது. தேயிலை முடிந்து காடு வந்தது. காட்டுக்குள் மர நிழலில் ஏலச்செடிகள் என் உயரத்துக்கு நின்றன. வளைவுக்குமேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்து, முதல் கியருக்கு இறங்கி, வண்டி இழுக்க முடியாமல் இழுத்தது. நான் பின்னாலிருந்து அவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே போனேன். எந்த இடத்தில் கிளட்சைப் பிடிக்கிறார், எந்த இடத்தில் விடுகிறார் என்று ஏன் கவனித்தேன் என்று தெரியவில்லை. தையல்காரி கண் அப்படித்தான், யார் கை வேலை செய்தாலும் அதைப் பார்க்கும்.

ரிவர்ஸ்டன் உச்சியில் வண்டியை நிறுத்தினார். நான் இறங்க ஒரு காலை வெளியே வைத்ததும் துப்பட்டா பறந்தது. பறந்தது என்றால், கழுத்தை விட்டுக் கழன்று, ரோட்டைத் தாண்டி, புதர்மேல் போய் மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன். காற்று இப்படி இருக்கும் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொன்னதும் இதுவும் ஒன்றில்லை. நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது. வாயைத் திறந்தால் உள்ளே புகுந்து பேச்சை விழுங்குகிறது. மேகம் எங்கள் கால்மட்டத்தில் மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடந்து போனது. ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியாது, மறு நிமிடம் பள்ளத்தாக்கு முழுவதும் வெயில். நான் இரண்டு கையையும் விரித்துக் காற்றில் சாய்ந்து நின்றேன். விழவில்லை. அவரும் வந்து பக்கத்தில் சாய்ந்து நின்றார். இரண்டு பேரும் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்தோம்.

மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வேறு ஊர். கீழே வயல், மண் சுவர் வீடுகள், அடுப்புப் புகை. அருவிக்குப் போகும் வழியில் ஒரு சிங்கள அக்காவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. வீட்டின் முன்பக்கம்தான் கடை. அவர் அடுப்பில் கேழ்வரகு மாவில் குரக்கன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு என் கணவரை நன்றாகத் தெரியும்.

"இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்தீங்க, மல்லி?" என்று சிங்களத்தில், தம்பி முறை வைத்துக் கேட்டார்.

"இன்னைக்கு என் நோனாவை," என்றார் அவர். நோனா என்றால் வீட்டுக்காரி.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, கடையில் உட்கார விடாமல் நேரே அடுப்படிக்குக் கூட்டிப் போய்விட்டார். சூடான ரொட்டி, அதன்மேல் கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய கித்துள் பாணி. பனங்கட்டி தெரியும், சீனிப்பாணி தெரியும். இது புகை மணத்தோடு கறுப்பாக வழிந்து, ரொட்டியின் ஓட்டைகளுக்குள் இறங்கியது. நான் என் பார்சலைப் பிரித்தேன். சோறு, பலாக்கொட்டைக் கறி, கத்தரிக்காய், நெத்தலிப் பொரியல். அக்கா பலாக்கொட்டையை ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டு, அதில் என்ன போட்டேன் என்று கேட்டார். கொஞ்சம் சோம்பும், வறுத்த அரிசியும் அரைத்துப் போட்டேன் என்றேன். ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடைசியில் என் பார்சலில் பாதியை அவர் சாப்பிட்டார், அவருடைய ரொட்டியில் நாலை நான் சாப்பிட்டேன். என் கணவர் வெளியே தனியாக உட்கார்ந்து, "மேடம், நேரம் போகுது!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

சேர எல்லைக்கு, அதுதான் அந்த அருவியின் சிங்களப் பெயர், காட்டுக்குள் படியில் இறங்க வேண்டும். பாதி வழியிலேயே சத்தம் கேட்கிறது. மழைக்காலம் என்பதால் தண்ணீர் பெருகி விழுந்துகொண்டிருந்தது. விழுகிற தண்ணீருக்குப் பின்னால் பாறையில் ஒரு குகை. அதற்குள் குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், எதிரே வெள்ளைச் சுவராகத் தண்ணீர். அதற்கு அப்பால் காடு பச்சையாக ஆடிக்கொண்டு தெரிந்தது. தரை அதிர்ந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வீட்டில் கத்த முடியுமா, லயத்தில் கத்த முடியுமா? திரும்பத் திரும்பக் கத்தினேன். முகம், தலை, சட்டை எல்லாம் நனைந்தன.

வெளியே வரும்போது அவர் எனக்குக் கை கொடுக்கத் திரும்பினார். திரும்பின வேகத்தில் பாசிக் கல்லில் வலது கால் வழுக்கியது. விழுந்தவர் உடனே எழும்பவில்லை.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று சொல்லிக்கொண்டே காலை ஊன்றினார். முகம் வெளுத்துவிட்டது. கணுக்கால் என் கண் முன்னாலேயே வீங்கியது. துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஒரு கை என் தோளில், ஒரு கை கம்பியில். ஒவ்வொரு படியாக, நின்று நின்று, மேலே வந்து சேர வெகுநேரம் ஆனது.

ஆட்டோவில் பிரேக் வலது காலுக்கு. அந்தக் காலால் ஒரு பூவைக்கூட மிதிக்க முடியாது. கடை அக்கா ஏதோ இலையைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தார். டவுன் பக்கம் போகிற பஸ் போய்விட்டது என்றார். போனில் சிக்னல் இல்லை.

"வண்டி இங்கேயே இருக்கட்டும். ஏதாவது லொறி வந்தா அதுல போயிருவோம்," என்றார் அவர்.

நான் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தேன். லொறி ஒன்றும் வரவில்லை. மலை உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

"சாவிய தாங்க."

"ஏய், இது மார்க்கட் ரோடு இல்ல."

"தெரியும். காலையில பூரா பின்னால இருந்து பார்த்துக்கிட்டுத்தானே வந்தேன். சாவி."

அவர் கொடுத்தார். அக்கா ஒரு போத்தல் கித்துள் பாணியை என் மடியில் வைத்து, "புத்து சரணை, நங்கி," என்று என் தலையைத் தடவினார். புத்தர் துணையிருக்கட்டும் தங்கச்சி என்று அர்த்தம்.

முதல் ஏற்றத்திலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்து, முதல் கியரில், கிளட்சை ஊசி முனையில் விடுகிற மாதிரி விட்டேன். ஏறியது. அடுத்த வளைவு ஏறியது. அதற்கடுத்ததும்.

"பிரேக்! பிரேக்!" என்றார் பின் சீட்டிலிருந்து.

"டூரிஸ்ட் சும்மா இருக்கணும்," என்றேன் திரும்பாமல்.

உச்சிக்குக் கிட்டப் போனபோது முன்னால் ஒன்றும் தெரியவில்லை. லைட்டைப் போட்டால் வெள்ளையாக அதுவே திரும்பி வந்தது. ரோட்டின் ஓரக்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு, ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் போனேன். காலையில் கைவிரித்துச் சாய்ந்து நின்ற அதே காற்று இப்போது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது சிரிப்பா என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இறக்கத்தில் மூன்றாவது வளைவில் ஒரு பஸ் எதிரே வந்தது. இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் நின்றன. ஏறுகிற பஸ்ஸுக்கு நான்தான் வழிவிட வேண்டும். ரிவர்ஸ் கியரை நான் வீட்டு வாசலில் தவிர வேறெங்கும் போட்டதில்லை. என் வலது பக்கம் பள்ளம். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி ஏதோ கத்த வாயைத் திறந்தவர், ஓட்டுகிறது யார் என்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். கொண்டக்டர் இறங்கி ஓடி வந்தார்.

"பயப்படாதீங்க அக்கா, என் கையைப் பாருங்க. வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம். சரி, சரி... போதும்!"

பாறையோரமாக வண்டி ஒதுங்கியது. பஸ் என் கண்ணாடிக்கும் அதன் தகரத்துக்கும் இடையில் ஒரு கை அகலம் விட்டுக் கடந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் வலிக்குதா?"

"காலா? மறந்தே போச்சு," என்றார்.

ரத்தோட்டைக்கு வந்தபோது லைட் போடுகிற நேரம். டவுன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் காலை ஊன்றக்கூடாது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வெளியே அவருடைய ஆட்டோ ஸ்டாண்ட் நண்பர்கள் கூடிவிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பற்றிப் பத்து வார்த்தை சொன்னார். சொல்லச் சொல்ல அந்த வளைவு குறுகிக்கொண்டே போனது. கடைசியாகக் கேட்டவருக்கு நான் பள்ளத்தின் மேல் வண்டியின் ஒரு சில்லைத் தொங்கவிட்டு ஓட்டியதாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை.

அந்த மூன்று வாரமும் வண்டி என் கையில். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு மார்க்கட், மத்தியானத்துக்குப் பிறகு தையல். இரண்டாவது வாரத்தில் ஒரு போன். முன்பு அவர் வண்டியில் வந்த ஒரு வெளிநாட்டுப் பெண் தன் அம்மாவோடு திரும்ப வந்திருக்கிறாள், நம் பக்கத்து நாலந்தாவின் பழைய கல் கோயிலைப் பார்க்க வேண்டுமாம். அவர் கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு, தன் இங்கிலீஷ் கதையை எனக்கு முழுதாகச் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். எனக்குப் பாதிகூட ஏறவில்லை.

"கதை வேணாம். சாப்பாடு கட்டிட்டுப் போறேன்," என்றேன்.

வழியில் கராம்பு காயப் போட்டிருந்த ஓர் இடத்தில் நிறுத்தினேன். அந்த ரோட்டிலும் ஒரு முற்றத்தில் கொக்கோக் காய் கிடைத்தது, உறிஞ்சிக் காட்டினேன். அம்மாக்காரி விதையைக் கடித்து முகத்தைச் சுளித்தாள், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாலந்தாவில் குளத்தோரம் அந்தக் கல் கட்டடத்தைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மண்டபம், கருவறை, தூண்கள் என்று அச்சு அசல் நம்முடைய கோயில் மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் பௌத்தர்களின் ஒரு சின்னத் தாதுகோபம். கருவறைக்குள் புத்தர்.

"ஹிந்து? புத்திஸ்ட்?" என்று மகள் கேட்டாள்.

கல்லைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. "போத்," என்றேன், இரண்டும்தான் என்று. என் இங்கிலீஷில் நான் சொன்ன முதல் விளக்கம் அதுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மூன்று பேரும் கட்டடத்தை இரண்டு தடவை சுற்றி வந்து ஒவ்வொரு சிற்பமாகப் பார்த்தோம். சுவரின் கீழ்ப்பக்கத்தில் ஆணும் பெண்ணுமாய் ஒரு குறும்புச் சிற்பம் இருந்தது. அம்மாக்காரிதான் அதை முதலில் கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள்.

பிறகு மரத்தடியில் புல்லில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தேன். பலாக்கொட்டைக் கறி தீர்ந்தது. கட்டச்சம்பலைத் தொட்டவுடன் அம்மாக்காரிக்குக் கண்ணில் தண்ணீர். அதைத் துடைத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் என்று இலையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து என் கணவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"அந்தக் கோயில எந்த ராசா கட்டினான்னு யாருக்கும் சரியாத் தெரியாதுன்னு சொன்னியா? தண்ணிக்குள்ள போயிரும்னு கல்லு கல்லாக் கழட்டி மேல கொண்டாந்து வச்சாங்களே, அதச் சொன்னியா?"

"இப்ப சாப்பிடுறாங்க," என்றேன். "சோறு பத்தாது போல இருக்கு. பிறகு பேசுறேன்."

போனை வைத்துவிட்டு, எனக்கென்று எடுத்து வைத்திருந்த மூன்றாவது பார்சலையும் பிரித்தேன்.